இரண்டு மரம், இரண்டு பரண்

விடிந்தும் விடியாத நேரம். ஏணியின் உச்சியில், ஓர் ஆள் மட்டும் குந்தக்கூடிய இரும்புக் கதிரையில், மடியில் துவக்குடன் இருக்கிறேன். கீழே உறைந்துபோன இலைகள். மூச்சு விட்டால் முகத்துக்கு முன்னால் புகை. எங்கோ ஒரு காகம் இரண்டு முறை கத்திவிட்டு அடங்கிக்கொண்டது.

மான் வேட்டைக்குப் போனவன் மானைத் தேட வேண்டும். நான் தவத்தைத் தேடிக்கொண்டிருந்தேன்.

எனக்குக் கிழக்கே ஒரு சதுப்பு நிலம். அதற்கப்பால் சீடர் என்ற ஊசியிலை மரங்கள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. அவற்றில், அல்லது அவற்றுக்குப் பின்னால் நின்ற ஏதோ ஒரு மரத்தில், தவம் ஏறியிருந்தான். எந்த மரம் என்று எனக்குத் தெரியாது. செம்மஞ்சள் சட்டையும் தொப்பியும் போட்டிருந்தான். வேட்டைக்குப் போகிறவர்கள் சட்டப்படி போடத்தான் வேண்டும். ஆனாலும் கண்ணில் படவில்லை.

அவன் இருக்கும் இடம் தெரியாமல் அந்தப் பக்கம் நான் சுட முடியாது. நான் இருக்கும் இடமோ அவனுக்கு நன்றாகத் தெரியும். அவன் கையிலும் துவக்கு. இந்த ஒரு கணக்கைத்தான் அன்றைக்குத் திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தேன்.

தவம் என்பவன்

இந்தத் தொடரைத் தொடக்கத்திலிருந்து வாசிப்பவர்களுக்குத் தவத்தைத் தெரியும். இன்றைக்குத்தான் பத்திரிகையைக் கையில் எடுத்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

தவம் மட்டக்களப்புப் பக்கத்துத் தமிழன். நான் அதே பக்கத்து முஸ்லிம். அவன் ஊருக்கும் என் ஊருக்கும் நடுவில் ஒரு வயல்வெளியும் ஒரு வீதியும்தான். ஆனாலும் நாங்கள் முதலில் சந்தித்துக்கொண்டது கனடாவின் ஸ்காபரோவில், கார் ஆசனங்கள் செய்யும் தொழிற்சாலையின் சாப்பாட்டு மேசையில். அவன் என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, "என்ன மச்சான், சுறாப் புட்டா?" என்றான். கேட்காமலே ஒரு பிடி அள்ளியும்விட்டான்.

பிறகு வெக்ஸ்போர்டில் ஒரே கட்டடத்துக்குக் குடிவந்தோம். அவன் ஆறாம் மாடி, நான் எட்டாம் மாடி. அவன் மனைவி சாந்தியும் என் மனைவி பரீதாவும் சமையல் சாமான்களை லிஃப்டில் ஏற்றி இறக்கியே அந்த லிஃப்டைப் பழுதாக்கினார்கள் என்பது என் துணிபு.

இவ்வளவு ஒட்டு இருந்தும் ஒரு விஷயத்தை மட்டும் நாங்கள் பேசியதில்லை. ஊரில் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்ட வருடங்கள் அப்போது தூரத்தில் இல்லை. அந்த வீதியில் பொழுது சாய்ந்த பிறகு எவரும் நடக்காத காலம் அது. தவத்தின் மாமா ஒருவர் வயலுக்குப் போய்த் திரும்பவில்லை. என் குடும்பத்தில் இரண்டு பேர். யார் செய்தது, யார் தொடங்கியது என்று பேச ஆரம்பித்தால் சாப்பாட்டு மேசை இரண்டாகிவிடும் என்று இருவருக்கும் தெரியும். அதனால் வானிலையைப் பற்றிப் பேசினோம். கனடாவில் அதற்குப் பஞ்சமில்லை.

இறைச்சி வந்த வழி

வேட்டைப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் எங்கள் ஃபோர்மன். ஒரு நவம்பரில் தான் சுட்ட மானின் இறைச்சியைப் பொரித்துக்கொண்டு வந்து எல்லோருக்கும் கொடுத்தார். எனக்கு அது ஆகாது. தவம் என் முன்னாலேயே இருந்து, என் பங்கையும் சேர்த்துத் தின்றான்.

"மரை இறைச்சி தோத்துப்போகும் மச்சான்," என்றான் விரலைச் சூப்பிக்கொண்டு. "நாமளே போய்ச் சுட்டா என்ன? நான் சுடுறன், நீ அறு. ரெண்டு வீட்டுக்கும் ஆச்சு."

கேட்க எளிதாகத்தான் இருந்தது. பயிற்சி வகுப்புக்குப் போனோம், பரீட்சை எழுதினோம், துவக்குக்கு அனுமதியும் எடுத்தோம். லின்ட்சே தாண்டி மார்த்தா என்ற கிழவியின் பண்ணைக் காட்டில் வேட்டையாட அனுமதியும் கிடைத்தது. அவருக்கு ஒரே நிபந்தனை. "என் மேப்பிள் மரங்களில் ஓர் ஆணி அடித்தாலும், அடுத்த வேட்டை நான் ஆடுவேன்," என்றார். சிரிக்காமல் சொன்னார்.

புறப்படுவதற்கு முந்திய கிழமை முழுக்க எங்கள் வேட்டை உடுப்புகள் பல்கனியில் தொங்கும். கறிவாசம் போக வேண்டுமே. மானுக்கு மூக்குத்தான் கண் என்று வகுப்பில் சொல்லித் தந்திருந்தார்கள். எட்டாம் மாடியில் செம்மஞ்சள் சட்டை ஆடுவதைப் பார்த்துவிட்டு, கட்டடக் காவலாளி வீதி திருத்தும் வேலை ஏதாவது நடக்கிறதா என்று கேட்டுப் போனான்.

முதல் வருடம் தரையில் பதுங்கியிருந்தோம். ஒரு மானும் கிட்ட வரவில்லை. இரண்டாம் வருடம் தவம் ஒன்றைச் சுட்டான். நான் கத்தியுடன் ஓடிப் போய்ச் சேர்வதற்குள் அது கண்ணாடிக் கண்ணுடன் கிடந்தது.

நான் பழகிய வழக்கத்தில், வெடி பட்டே செத்த மிருகம் ஆகாது. உயிர் இருக்கும்போதே போய், இறைவன் பெயர் சொல்லி, கழுத்தை அறுக்க வேண்டும். சுடும்போது பிஸ்மி சொன்னாலே போதும் என்று சொல்லும், மார்க்கம் படித்த ஆலிம்களும் உண்டு. அவர்களோடு நான் வாதாடப் போவதில்லை. பரீதாதான் போவாள். "அறுக்காத இறைச்சியோட இந்தக் கதவைத் தட்டிராதீங்க," என்று அவள் தீர்ப்புச் சொல்லி எவ்வளவோ காலமாகிவிட்டது.

ஆகவே தவம் திறமாகச் சுட்டால் எனக்குச் சாப்பாடு இல்லை. மோசமாகச் சுடு என்று கேட்பதும் பாவம். மான் விழுவதற்கும் உயிர் போவதற்கும் இடையில் எனக்குக் கிடைப்பது ஒரு சின்ன இடைவெளி. அதற்குள் நான் போய்ச் சேர வேண்டும்.

கடைக்குள் ஒரு சண்டை

மூன்றாம் வருடம் மரத்தில் ஏறியிருப்பது என்று முடிவாயிற்று. மேலே இருந்தால் மனித வாடை மானுக்கு எட்டாது, பார்வையும் நன்றாக இருக்கும். எங்கள் வயல்களில் யானைக் காவலுக்குப் போடும் பரண்தான். இங்கே இரும்பில் செய்து கடையில் விற்கிறார்கள்.

இரண்டு வகை இருந்தன. ஒன்று ஏணிப் பரண். நீளமான ஏணி, உச்சியில் ஒரு கதிரை. மரத்தில் சாய்த்து, மேலே பட்டியால் இறுக்கி, கீழே சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டால் வேட்டைக்காலம் முடியும்வரை அது அங்கேதான். ஆணி தேவையில்லை என்பதால் மார்த்தாவுக்கும் ஆட்சேபம் இருக்காது.

மற்றது ஏறு பரண். முதுகில் சுமந்து போகலாம். இரண்டு துண்டு. ஒன்று இருக்க, ஒன்று நிற்க. இரண்டும் மரத்தைச் சுற்றிக் கவ்விப் பிடிக்கும். மேல் துண்டைக் கையால் உயர்த்தி, கீழ்த் துண்டைக் காலால் உயர்த்தி, அட்டை ஊர்வதுபோல மரத்தில் ஏறிப் போகவேண்டும். பிடித்த மரத்தில் ஏறலாம். மறுநாள் வேறு மரம்.

தவத்துக்கு ஏறு பரண்தான் வேண்டும்.

"மான் என்ன பஸ்ஸா மச்சான், ஒரே ஸ்டாப்பில வந்து நிக்க? இண்டைக்கு இஞ்சால வரும், நாளைக்கு அங்கால போகும். அதோட நாமளும் மாறணும்."

"நீ அதில இரிந்து ஊர்ந்து ஊர்ந்து இறங்கி வாறதுக்குள்ள மான் மௌத்தாகிரும். ஏணியெண்டா ரெண்டு எட்டில இறங்கிருவன்."

"அறுக்கிறது நீதானே? நீ ஏணியில இரி. எனக்கு என்னத்துக்கு ஏணி?"

நியாயமான பதில். எனக்குக் கோபம் கூடியது. உண்மையில் எனக்கு உறுத்தியது வேறு. அதையும் கேட்டுவிட்டேன்.

"நீ எந்த மரத்தில இரிக்காய் எண்டு எனக்கு எப்படிடா தெரியும்?"

"தெரியாட்டி என்ன? கிழக்குப் பக்கம் சுடாம விடு."

"அப்ப எனக்குப் பாதிக் காடு."

"உனக்குப் பாதி மான் போதும்தானே," என்று சிரித்தான்.

நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வரும் வழி முழுக்க ஒரு புழு மூளைக்குள் நெளிந்தது. தான் இருக்கும் இடத்தை இவன் ஏன் சொல்ல மாட்டான்? மரத்தை விடிகாலையில் காற்றைப் பார்த்துத்தான் தெரிவுசெய்ய முடியும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நெளிந்தது. கடைசியில் ஆளுக்கொன்று வாங்கினோம்.

தவம் தன் பரணைக் கட்டடத்துக்குப் பின்னால் நின்ற ஒரு மரத்தில் ஏறிப் பழகினான். பிள்ளைகள் கூடிநின்று கைதட்டினார்கள். அந்தப் பரணின் இரண்டு துண்டுகளையும் சேர்த்துக் கட்ட ஒரு சின்னக் கயிறு உண்டு. கால் விலகினாலும் கீழ்த் துண்டு விழாமல் அது பிடித்துக்கொள்ளும். தவம் அதை அவிழ்த்து, துவக்கைத் தூக்கும் கயிறாக்கிக்கொண்டான்.

"கட்டுடா அத," என்றேன்.

"காலில நார் வளையம் போட்டுத் தென்னை ஏறினவன் நான். இது சும்மா கால்ல மாட்டுப்படுது மச்சான். மரத்தோட கட்டுற இடுப்புப் பட்டி இரிக்குத்தானே."

தென்னை ஏறிய எவனுக்கும் மரத்தைப் பற்றி அறிவுரை சொல்லிப் பாருங்கள். நான் மூன்று முறை சொல்லிவிட்டு விட்டேன்.

இரண்டு வாசல்கள்

புறப்படும் முன்பு பக்கத்து நகரமான அஜக்ஸிலிருந்து என் காக்கா தொலைபேசி எடுத்தார். என்னோடு கூடப்பிறந்த மூத்தவர். ஊரில் நடந்தவற்றை மறக்கவே கூடாது என்று வீட்டுக்கு ஒருவர் இருப்பார் அல்லவா, எங்கள் வீட்டில் அவர்.

"உனக்கு மூளை கீளை கலங்கிட்டா? துவக்கும் கையுமா ஒரு தமிழனோட காட்டுக்குப் போறாய். அங்க என்ன நடந்தாலும் யாருக்குத் தெரியும்?"

"அவன் சுட்டாத்தான் காக்கா எனக்கு இறைச்சி," என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த பிறகும் அவர் கேள்வி காதிலேயே நின்றது.

கீழே ஆறாம் மாடிக்குத் தவத்தைக் கூப்பிடப் போனேன். சாந்தி வாசலில் நின்றாள். வழமையாகத் தேத்தண்ணீர் குடியுங்கள் என்று மல்லுக்கட்டுகிறவள், அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. தவம் சப்பாத்துக் கட்டும் வரை பார்த்து நின்றுவிட்டு, அவன் லிஃப்ட் பக்கம் நடந்ததும் மெல்லச் சொன்னாள்.

"அண்ணன், இவரப் போன மாதிரியே கொண்டுவந்து விட்டிருங்க."

அவள் முகத்தைப் பார்த்தேன். காக்கா தொலைபேசியில் சொன்னதைத்தான் அவளும் கேட்டாள். அவளுடைய அம்மாவோ அக்காவோ, யாரோ ஒருவர், இந்த வீட்டுக்கும் தொலைபேசி எடுத்திருக்க வேண்டும். எனக்குச் சுருக்கென்றது. "கொண்டுவாறன் தங்கச்சி," என்று மட்டும் சொன்னேன்.

இப்போது மறுபடி அந்த ஏணியின் உச்சிக்கு வாருங்கள்.

மான் வந்தது

வெளிச்சம் நன்றாகப் பரவியபோது வடக்குப் பக்கத்திலிருந்து மான் வந்தது. சின்னக் கொம்புள்ள ஆண். இலையில் ஒரு கால் வைக்கும், நிற்கும், காதைத் திருப்பும், அடுத்த காலை வைக்கும். என் நெஞ்சு அடித்த அடியில் கதிரையே ஆடுவதாகத் தோன்றியது.

துவக்கை உயர்த்தினேன். மான் எனக்கு நேரே, திறந்த வெளியில், பக்கவாட்டில் நின்றது. அதற்குப் பின்னால் சதுப்பு. சதுப்புக்குப் பின்னால் சீடர் மரங்கள். அந்த மரங்களுக்குள் தவம்.

குண்டு மானைத் தவறினால் எங்கே போகும்? ஊடுருவினால் எங்கே போகும்? ஒரு செம்மஞ்சள் பொட்டுத் தெரிந்தாலும் போதும், அதை விட்டுச் சுடலாம். தெரியவில்லை. துவக்கைத் தாழ்த்தினேன். பல்லைக் கடித்துக்கொண்டு அவனையும் அவன் ஏறு பரணையும் அதை விற்ற கடைக்காரனையும் மனதுக்குள் திட்டினேன்.

மான் கிழக்கே திரும்பி, சதுப்பைக் கடந்து, சீடர் மரங்களுக்குள் போய் மறைந்தது.

வெடிச்சத்தம் காட்டை உலுப்பியது. நான் கதிரையில் குறுகிப்போனேன். என்னை அறியாமல் நெஞ்சைத் தடவிப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

அடுத்த கணம் மான் மரங்களுக்குள்ளிருந்து பாய்ந்து வந்து, சதுப்பின் இந்தக் கரையில் முன்னங்கால் மடிந்து விழுந்தது. தலையைத் தூக்கியது. உயிர் இருந்தது.

துவக்கிலிருந்து குண்டை எடுத்து, துவக்கைக் கொளுக்கியில் மாட்டி, என் இடுப்புப் பட்டியைக் கழற்றி, ஏணியில் இறங்கினேன். நான் வாதாடி வாங்கிய ஏணி. அது தன் வேலையைச் செய்தது. கத்தியை உருவிக்கொண்டு ஓடினேன்.

மானின் பக்கத்தில் முழங்காலிட்டபோது அதன் கண் என்னைப் பார்த்தது. விலா ஏறி இறங்கியது. கழுத்தின் கீழ் கையைக் கொடுத்து, தொழுகைத் திசை பார்த்துத் தலையைத் திருப்பினேன். பிஸ்மி சொல்ல வாயைத் திறந்தேன்.

இரும்பு மரத்தில் உராய்ந்துகொண்டு விழும் சத்தம் கேட்டது. அதோடு பாதியில் அறுந்துபோன ஒரு கூச்சல்.

என் வாயிலிருந்து, "தவம்!" என்றுதான் வந்தது.

பதில் இல்லை.

ஒரே ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போயிருக்கலாமே என்று காக்கா பிறகு கேட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்காதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். நான் மானை விட்டுவிட்டு ஓடினேன்.

எந்த மரம்

சதுப்புத் தண்ணீர் சப்பாத்துக்குள் ஏறியது. சீடர் கொப்புகள் முகத்தில் அறைந்தன. பத்து அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "தவம்! எங்கடா இரிக்காய்?" என்று கத்தினேன். கத்திவிட்டு நின்றால் என் மூச்சுத்தான் எனக்குக் கேட்டது.

அவனைப் போன மாதிரியே கொண்டுவருவதாகச் சொல்லி வந்தவன் நான். இங்கே எந்த மரம் என்றுகூடத் தெரியாமல் நிற்கிறேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த பயத்தை ஊரிலும் நான் அனுபவித்ததில்லை. ஊரில் என் உயிருக்குத்தான் பயந்தேன்.

மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். தட். தட். ஏதோ மரப்பட்டையில் இடித்தது. அந்தப் பக்கம் பாய்ந்தேன்.

ஒரு பெரிய ஆஷ் மரம். அடியில் ஏறு பரணின் கீழ்த் துண்டு கவிழ்ந்து கிடந்தது. சுட்ட மானை எட்டிப் பார்க்க எழுந்து, மரத்தோடு முதுகைச் சாய்த்திருக்கிறான். வெளிப்பக்கம் பாரம் இருந்தால்தான் கீழ்த் துண்டு மரத்தைக் கவ்வும்; பாரம் உள்பக்கம் வந்ததும் பிடியை விட்டுவிட்டது. கட்டி வைத்திருக்க வேண்டிய கயிறு, அருகில் விழுந்து கிடந்த துவக்கில் இருந்தது.

தவம் இரண்டு ஆள் உயரத்துக்கு மேலே தொங்கினான். இடுப்புப் பட்டி மேலே வழுகி, கமக்கட்டுக்குக் கீழே நெஞ்சை நெரித்துக்கொண்டிருந்தது. முகம் கறுத்திருந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. குதிக்கால்கள் மட்டும் மரத்தை உதைத்தன.

கீழே கிடந்த துவக்கைத் திறந்து முதலில் குண்டை எடுத்தேன். மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறிப் பார்த்தேன். கொப்பே இல்லாத அடிமரம். இரண்டு முறை வழுகி விழுந்தேன். பட்டியை எட்ட வழியில்லை. எட்டி அறுத்தாலும் அவன் தலைகீழாக விழுவான்.

"இரிடா! ஏணி கொண்டுவாறன்! காலை உதைச்சுக்கிட்டே இரி!"

அசையவே கூடாது என்று நான் பட்டி போட்டு, சங்கிலி போட்டு, பூட்டும் போட்டு வைத்த ஏணி.

திரும்பி ஓடினேன். மானைத் தாண்டித்தான் ஓடினேன். பார்க்கவில்லை. திறப்பு மூன்று உடுப்புகளுக்கு உள்ளே, காற்சட்டைப் பையில். விரல்கள் மரத்துப்போய்ப் பூட்டின் துளைக்குள் திறப்புப் போகமாட்டேன் என்றது. அழுகை வந்தது. திறந்ததும் ஏணியில் ஏறி, மேலே இருந்த பட்டியைக் கத்தியால் அறுத்தேன். ஏணி ஆடியது. இறங்கும்போது அதுவும் என்னோடு சரிந்து பக்கத்தில் விழுந்தது.

ஏணி மூன்று துண்டு. கதிரை பூட்டிய மேல் துண்டை, இணைக்கும் முளையை இழுத்துக் கழற்றி எறிந்தேன். மற்ற இரண்டு துண்டையும் தோளில் போட்டுக்கொண்டு சதுப்புக்குள் இறங்கினேன். அந்தப் பாரத்தை இன்றைக்கும் என் தோள் மறக்கவில்லை. தட், தட் என்ற சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனேன். அது பாதி வழியில் நின்றுவிட்டது.

மேலே

ஏணியைச் சாய்த்து, ஒரு கையில் உருவிய கத்தியுடன் ஏறினேன். தவத்தின் தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. நான் அருகில் போனதும் கண் என்னைப் பார்த்தது. கத்தியைப் பார்த்தது. பிறகு மூடிக்கொண்டது.

போய்விட்டான் என்று நினைத்தேன்.

கத்தியைப் பல்லில் கவ்விக்கொண்டு, தோளை அவன் தொடைக்குக் கீழே கொடுத்து, இருந்த பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளினேன். அவன் உடம்பு ஒரு சாண் உயர்ந்தது. கிழிந்த துருத்தியில் காற்றுப் போவதுபோல ஒரு மூச்சு அவனுக்குள் இறங்கியது. இன்னொன்று. இன்னொன்று.

கத்தியைக் கைக்கு எடுத்துக்கொண்டு, "ஏணியப் பிடி! டேய், பிடிடா ஏணிய!" என்றேன்.

பிடித்தான். கால் ஒரு படியைத் தேடிக் கண்டுபிடித்தது. பட்டியின் கொளுக்கி மரத்துக்குப் பின்னால் போயிருந்தது. அறுத்தேன். அவன் பாரம் முழுவதும் என் தோளில் விழுந்தது. ஒவ்வொரு படியாக, அவன் சப்பாத்தை நானே எடுத்து வைத்து வைத்து இறக்கினேன்.

இலைகளின் மேல் மல்லாந்து கிடந்தான். முகத்தில் நிறம் திரும்பியது. நெடுநேரத்துக்குப் பிறகு வாய் அசைந்தது. குனிந்து கேட்டேன்.

"மான்?" என்றான்.

"சனியனே! மானா உனக்கு இப்ப?" என்று கத்தினேன். கத்திக்கொண்டே அழுதேன். எழுத எனக்கு வெட்கமில்லை, தேம்பித் தேம்பி அழுதேன்.

மான் செத்திருந்தது. அவனைத் தாங்கிக்கொண்டு அதைக் கடந்துதான் போனோம்.

மார்த்தா டிராக்டரில் போய் மானை எடுத்து வைப்பதாகச் சொன்னார். நான் தவத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இரண்டு விலா எலும்பு உடைந்திருந்தது. நெஞ்சைச் சுற்றி நீலமும் கறுப்புமாக ஒரு பட்டை.

மானை என்ன செய்வது என்று மார்த்தா தொலைபேசியில் கேட்டார். அது தவத்தின் மான். அவனுக்கு அதைச் சாப்பிடத் தடையொன்றுமில்லை. "நெஞ்சு நோகுது, மெல்ல ஏலாது. கிழவியே வெச்சுக்கட்டும் எண்டு சொல்லு," என்றான். நான் நம்பவில்லை. நம்பாததைச் சொல்லவும் இல்லை.

வெக்ஸ்போர்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கூனிக்கொண்டு லிஃப்டை விட்டு இறங்கிய புருஷனைச் சாந்தி பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் என்ன நினைத்தாள் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. தவத்துக்கும் தெரிந்தது.

"இவன் இல்லாட்டி நான் இல்ல," என்றான் வாசலிலேயே.

அவள் அழுதுகொண்டே அவன் சப்பாத்தைக் கழற்றக் குனிந்தாள். எட்டாம் மாடியிலிருந்து பரீதா இறங்கி வந்து அவளை உள்ளே கூட்டிப் போனாள்.

அடுத்த வருடம்

இனி வேட்டையே வேண்டாம் என்று இரண்டு வீட்டிலும் தீர்மானம் நிறைவேறியது. இலை சிவக்கத் தொடங்கியதும் நாங்கள் இருவரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அதே கடைக்குப் போய், வாசலில் முட்டிக்கொண்டோம்.

இந்த முறை சண்டை இல்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் ஏணிப் பரண் ஒன்று வந்திருந்தது. பாரமானது. ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். மான் வேறு வழியால் போனால் போகட்டும் என்று தவமே சொன்னான். அந்த நெருக்கத்தில் இரண்டு நீளத் துவக்கு வைத்திருக்க இடமில்லை. ஒன்று போதும் என்று முடிவெடுத்தோம்.

வேட்டைக்காலத்தின் ஆரம்ப நாள் காலை. தோளோடு தோள் முட்ட இருந்தோம். மடியில் துவக்கு அவனுக்கு, இடுப்பில் கத்தி எனக்கு. வெளிச்சம் இன்னும் வரவில்லை. இருவர் மூச்சும் ஒரே புகையாகப் போனது. பேசக் கூடாத நேரம்.

"மச்சான்," என்றான் தவம், காட்டைப் பார்த்தபடியே.

"ம்."

"அண்டைக்கு நீ கத்தியோட ஏறி வந்தாய்தானே. நான் கண்ண மூடிட்டன்."

"மயங்கிட்டாய்."

"இல்ல. மயங்கல்ல. முழிச்சுத்தான் இரிந்தன்." தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான். "உன்னப் பாத்தன். கத்தியப் பாத்தன். மாமாட நினைவு வந்திட்டு. முடிஞ்சுது எண்டு மூடிட்டன்."

எனக்கு முதலில் வந்தது கோபம். ஏணியைச் சுமந்த தோள் இது. மானை விட்டு ஓடிய கால்கள் இவை. உன் சாப்பாட்டில் பாதி என் வீட்டுச் சாப்பாடு. இவ்வளவும் தொண்டை வரைக்கும் வந்தது.

பிறகு, அவன் சுட்ட சத்தத்தில் நான் என் நெஞ்சைத் தடவிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

"நானா இரிந்தாலும் மூடித்தான் இரிப்பன்," என்றேன்.

அவன் திரும்பி என் முகத்தைப் பார்த்தான். நானும் பார்த்தேன். நாங்கள் அந்த வீதியைப் பற்றி, அந்த வருடங்களைப் பற்றிப் பேசியது அவ்வளவுதான். அதற்கு மேலும் பேசியிருக்கலாம். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

குளிர் எலும்புக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. தவம் கையுறையைக் கழற்றி, விரல்களை ஊதினான். பைக்குள் தேத்தண்ணீர்ப் போத்தலைத் தேடினான். ஒரு கையால் மூடி திறபடவில்லை.

"இந்தா, பிடி," என்று குண்டு போட்ட துவக்கை என் கையில் தந்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பியிருந்து இரண்டு கையாலும் போத்தலைத் திறந்தான்.